அரிசி மூட்டை, ஏர் கன், பப்ஜி: எங்கள் வீட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

மாடித்தோட்டம் (ராமமூர்த்தி நகர், பெங்களூர்):

வழக்கமாக நான் இங்கே கறிவேப்பிலைச் செடி, எரு, மாவுப்பூச்சி என்றுதான் எழுதுவேன். இன்று விஷயம் வேறு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையன் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்புப் பையன் ஒருவனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அவன் பெஞ்சின் விளிம்பில் விழுந்து புருவத்தில் மூன்று தையல். நான் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், தையலுக்கு ஆன செலவைக் கொடுத்தேன். தப்பு தப்புதான். ஆனால் ஏன் தள்ளினாய் என்று அங்கே ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. "வீட்டில் பப்ஜி விளையாடுவானா?" என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்றேன் (இப்போது வேறு பெயரில் வருகிறதே, அதுதான்). அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. மறுநாளே எல்லாப் பெற்றோருக்கும் சுற்றறிக்கை: துப்பாக்கி விளையாட்டுகள் பிள்ளைகளைக் கொலைகாரர்கள் ஆக்குகின்றன, போனை வாங்கி வையுங்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் வீட்டுக்காரர். லாக்டவுனில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் காட்டுக்குள் வீடு கட்டி, நிலவறையில் வருஷக்கணக்கில் சாப்பாட்டை அடுக்கி வைத்து, உலகம் கவிழப்போகிற அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறவர்களின் வீடியோக்கள். முதலில் பேட்டரி, டார்ச், முதலுதவிப் பெட்டி வாங்கினார். நல்லதுதானே என்று விட்டேன். 2024 மார்ச்சில் போர்வெல் வற்றித் தெருவே டேங்கருக்கு அலைந்தபோது, அவர் வாங்கி வைத்திருந்த இரண்டாவது தண்ணீர்த் தொட்டிதான் எங்களைக் காப்பாற்றியது. பொய் சொல்லக் கூடாது. அப்புறம் 25 கிலோ அரிசி மூட்டை நான்கு வந்தது. அப்புறம் ஒரு கத்தி. கோழி வெட்ட இல்லை என்று பார்த்தாலே தெரியும். இப்போது உரிமம் தேவைப்படாத ஏர் கன் ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். எதற்கு என்றால், "உனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் எல்லாரும் நம் வீட்டுக் கதவைத்தான் இடிப்பார்கள்."

பையன் திரையில் சுடுகிறான். அப்பா மொட்டை மாடியில் தகர டப்பாவைச் சுடப்போகிறார். பள்ளிக்கு முதலாவதுதான் பயம். எனக்கு இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் பயப்படுவது சரிதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அல்சூர்க்காரன்:

மேடம், பள்ளி சொல்வதுதான் சரி. 2022 ஜூனில் லக்னோவில் 16 வயதுப் பையன் பெற்ற தாயைச் சுட்டுக் கொன்றான், கேம் விளையாட விடவில்லை என்பதற்காக. 2019 செப்டம்பரில் நம் பெலகாவி பக்கம் ஒரு வாலிபன் இதே மொபைல் கேம் தகராறில் அப்பாவை வெட்டிக் கொன்றான். இதெல்லாம் கட்டுக்கதை இல்லை, பேப்பரில் வந்த செய்தி.

ஒரு ஆட்டத்துக்கு நூறு பேர் இறங்குகிறார்கள், கடைசியில் ஒருவன்தான் மிஞ்ச வேண்டும். இதையே தினமும் மூன்று மணி நேரம் பழகுகிற பிள்ளைக்கு எதிரில் நிற்பவன் ஆளாகத் தெரிவானா, இலக்காகத் தெரிவானா? சாயங்காலம் எங்கள் ஏரிக்கரைப் பூங்காவுக்கு வந்து பாருங்கள். ஊஞ்சல் காலியாக இருக்கும். பத்துப் பிள்ளைகளும் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் நாலு மூட்டை அரிசி வாங்கியதை இதோடு சேர்ப்பது நியாயமில்லை. என் அம்மா கோடையிலேயே வற்றலும் வடகமும் ஆறு மாதத்துக்குப் போட்டு வைப்பாள். அவளும் தீவிரவாதியா?


சும்மா வந்தவன்:

நாலு மூட்டையும் பொன்னியா, சோனா மசூரியா? விவாதத்துக்கு இது ரொம்ப முக்கியம்.


இரவு ஷிப்ட் (பெல்லந்தூர்):

அல்சூர் அண்ணா, நான் பத்து வருஷமாக விளையாடுகிறேன். ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கேப் வண்டியில் வரும்போது அப்பார்ட்மென்ட் வாசலில் ஒரு தெருநாய் குறுக்கே வந்தால்கூட நான்தான் முதலில் ஓடுவேன். இது வாதம் ஆகாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

லக்னோ செய்தியையே எடுத்துக்கொள்வோம். துப்பாக்கி எங்கிருந்து வந்தது? கேமிலிருந்து லூட் பண்ணவில்லை. அப்பாவின் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி, வீட்டிலேயே இருந்தது. தலைப்பில் பப்ஜி வந்தது. பிஸ்டல் எட்டாவது வரியில் வந்தது.

பப்ஜி பிறந்த தென் கொரியாவைப் பாருங்கள். தெருவுக்குத் தெரு கேம் சென்டர், ஆண்கள் அத்தனை பேருக்கும் கட்டாய ராணுவப் பயிற்சி. அதாவது கேமும் தெரியும், நிஜத் துப்பாக்கியும் தெரியும். ஆனால் அங்கே வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்கூட அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சுட்டான் என்று அங்கிருந்து செய்தி வருகிறதா? அமெரிக்காவில் மட்டும்தான் கேமுக்கு இந்தச் சக்தி வருகிறது போலிருக்கிறது.

1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இரண்டு பேரும் 'டூம்' என்ற சுடும் கேம் விளையாடினார்கள் என்று சொல்லித்தான் இந்தப் பேச்சே சூடு பிடித்தது. அப்போது லட்சக்கணக்கான பிள்ளைகள் டூம் விளையாடினார்கள். 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுடப்பட்டு இறந்த அன்றே டிவியில் கேமைத் திட்டினார்கள். அப்புறம் விசாரித்தால், சுட்டவனோடு அறையில் இருந்தவர்கள் அவன் கேம் விளையாடிப் பார்த்ததே இல்லை. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் துப்பாக்கி கேம்களும் வைத்திருந்தான். ஆனால் மணிக்கணக்கில் பைத்தியமாக ஆடியது எதை என்று அரசு வழக்கறிஞரின் அறிக்கையில் இருக்கிறது: தியேட்டர் லாபியில் இருந்த நடன கேம். 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. அதைத் தடை செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

நம் ஊரிலும் 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜியைத் தடை செய்து, விளையாடிய பிள்ளைகளைக் கைது செய்தது. போன் வைத்திருந்த குற்றத்துக்குக் கைது! 2020 செப்டம்பர் 2இல் நாடு முழுக்கத் தடை வந்தபோது மத்திய அரசு சொன்ன காரணம் வேறு: தரவு, நாட்டின் பாதுகாப்பு. 118 செயலிகளில் அதுவும் ஒன்று. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அந்த உத்தரவில் ஒரு வரி கிடையாது.


மர்ஃபி டவுன்:

மாடித்தோட்டம் அம்மா, நான் கேம் பற்றிப் பேச வரவில்லை. என் பேரன் ஆடுவதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்தக் கதவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

1991 டிசம்பர். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த மறுநாள், பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். நாங்கள் அப்போது மாகடி சாலைப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. கடைகளை உடைக்கிற சத்தம் முதலில் தூரத்தில் கேட்டது, அப்புறம் அடுத்த கிராஸ் தெருவில். அப்பா வாசலில் இருந்த கோலத்தைத் தண்ணீர் ஊற்றி அழித்தார். அதுதான் அவருக்குத் தோன்றிய பாதுகாப்பு. அம்மா தொட்டிலில் இருந்த என் அக்கா மகளின் வாயில் சர்க்கரையைத் தடவிக்கொண்டே இருந்தாள், அழாமல் இருக்க. கூட்டம் எங்கள் வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா, பூ விற்கிறவர், அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து இறங்கி வந்து எங்கள் கேட்டில் சாய்ந்து நின்றார். "இல்லி யாரூ இல்ல, ஹோக்ரப்பா" என்றார். இங்கே யாரும் இல்லை, போங்கள். அவர்கள் போனார்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த தையற்கடை எரிந்தது.

அன்று எரித்தவர்கள் ஒருவர் கையிலும் போன் இல்லை. எந்த கேமும் ஆடியிருக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவன் எங்களுக்குப் பால் போடுகிறவன். அவன் முகத்தை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அடுத்த வாரம் மறுபடி பால் போட வந்தான், நாங்களும் வாங்கினோம்.

இதுவரை பல பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அப்பா மாறிப்போனார். மர்ஃபி டவுனுக்கு வந்த பிறகும் இரண்டு மூட்டை அரிசி, ஒரு டின் மண்ணெண்ணெய், மிளகாய்ப்பொடி டப்பா, எல்லாம் எப்போதும் தயார். கதவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பி. ஆலையில் இருந்து கொண்டுவந்தது, முழங்கை நீளம். யாராவது கதவைத் தட்டினால் அவர் கை முதலில் அதற்குத்தான் போகும், பிறகுதான் தாழ்ப்பாளுக்கு. தபால்காரருக்கும் அதே மரியாதைதான்.

அந்தக் கம்பி ஏழு வருஷம் சும்மாவே நின்றது. 1998இல் ஒரு ராத்திரி ஒன்றரை மணி. கரண்ட் இல்லை. என் தம்பி இரண்டாவது ஆட்டம் படம் பார்த்துவிட்டு, அப்பாவை எழுப்ப வேண்டாம் என்று பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தான். அப்பா பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை. ஒரே அடி. காறை எலும்பு இரண்டாகப் போயிற்று. இன்றைக்கும் அவனால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கலவரக்காரர்கள் யார் மேலும் படாத கம்பி.

அப்பா அதற்குப் பிறகு அந்தக் கம்பியைத் தொடவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. அவர் போன பிறகு பழைய இரும்புக்காரனிடம் நான்தான் போட்டேன்.


மட்டுறுத்துநர்:

காவிரியைப் பற்றி இங்கே யாரும் ஆரம்பித்துவிட வேண்டாம். மர்ஃபி டவுன் ஐயா சொன்னது அவர் வீட்டுக் கதை, அது அப்படியே இருக்கட்டும். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தபோது இதே குழுவில் எத்தனை வதந்தி ஓடியது என்று எனக்கு நினைவிருக்கிறது, பாதியை நான்தான் அழித்தேன். கேம், தயார்நிலை, வன்முறை: இந்த மூன்றுக்குள் பேசுங்கள்.


கேட்கிறேன் சொல்லுங்கள்:

வளரிளம் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். பெங்களூரில் பதினோரு வருஷமாக. மர்ஃபி டவுன் ஐயாவைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு தரப்பும் பாதியை மட்டும் சொல்கிறார்கள். கேம் ஆக்ரோஷத்தைக் கூட்டுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் நிஜமாகவே உண்டு. அயோவாவில் கிரெய்க் ஆண்டர்சன் என்ற உளவியலாளர் இதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஆனால் ஆய்வுக்கூடத்தில் 'ஆக்ரோஷம்' என்றால் என்ன என்று கேட்க வேண்டும். மாணவனை இருபது நிமிஷம் சுடும் கேம் ஆட விடுவார்கள். பிறகு, பக்கத்து அறையில் இருப்பதாகச் சொல்லப்படும் போட்டியாளனின் காதில் இரைச்சலைப் பாய்ச்ச ஒரு பொத்தான் தருவார்கள். எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் அழுத்துகிறான்? அதுதான் அளவு. இன்னொரு வகையில், காரம் பிடிக்காத ஒருவருக்கு இவன் எவ்வளவு மிளகாய்ச் சாறு ஊற்றுகிறான் என்று எடை போடுவார்கள். இதிலிருந்து ஒரு பள்ளிப் படுகொலைக்குப் பாலம் கட்டுவது கஷ்டம். நம் வீட்டுப் பந்தியில் மாப்பிள்ளைத் தோழனுக்கு ஊற்றுகிற காரக்குழம்பை அளந்தால் பாதிக் குடும்பம் உள்ளே போக வேண்டியிருக்கும்.

ஒப்பிட்ட கேம்களிலும் வம்பு உண்டு. 2000இல் வந்த பிரபலமான ஆய்வில் ஒரு பக்கம் 'வுல்ஃபென்ஸ்டைன்', வேகமாகச் சுடுவது. இன்னொரு பக்கம் 'மிஸ்ட்', ஆளில்லாத தீவில் மெதுவாகப் புதிர் போடுவது. பிள்ளை எரிச்சலானது ரத்தத்தாலா, வேகத்தாலா, தோற்றதாலா?

அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் ஒரு தீர்மானம் போட்டு, 2020இல் அதைத் திருத்தித் தெளிவாக்கியது. இரண்டு பாகம் அதற்கு. கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன ஆக்ரோஷத்தோடு கேமுக்குச் சிறிய, ஆனால் திரும்பத் திரும்பத் தென்படும் தொடர்பு உண்டு. கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற வன்முறைக்குக் கேமைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை. நேர்மாறாக, 2019இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகள், 14, 15 வயது, அவர்கள் பெற்றோரையும் கேட்டுச் செய்த ஆய்வில் அந்தச் சின்னத் தொடர்புகூடக் கிடைக்கவில்லை. அதில் எனக்குப் பிடித்தது, எதை எப்படி அளப்போம் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டு இறங்கினார்கள். ஆட்டம் முடிந்த பிறகு கோல் கம்பத்தை நகர்த்த முடியாது.

மாடித்தோட்டம், உங்கள் பையன் செய்தது தள்ளியது. அந்தச் சின்னப் பங்கு கேமுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏன் தள்ளினான் என்று பள்ளி கேட்கவில்லை என்றீர்கள். நீங்கள் கேட்டீர்களா?

இன்னொன்று. இங்கே நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014இல் இருந்து 'ஷட்' என்று தொழில்நுட்பப் பழக்கத்துக்கான தனிக் கிளினிக் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடம், கெடுதல் தெரிந்தும் தொடர்வது. என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் பார்ப்பது தூக்கம் போனது, படிப்பு போனது, நண்பன் போனது. கை நீட்டுவதும் உண்டு, பெரும்பாலும் போனைப் பிடுங்குகிற அந்த நிமிஷத்தில். அதனால்தான் சுற்றறிக்கையில் இருக்கும் 'வாங்கி வையுங்கள்' எனக்குப் பிடிக்கவில்லை. 2017இல் நீலத் திமிங்கலப் பீதி நினைவிருக்கிறதா, பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று சொன்னார்களே, அந்த ஆன்லைன் கேம்? நாடு முழுக்கச் சாவுகளை அந்த கேமின் கணக்கில் எழுதினார்கள். 2018 ஜனவரியில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது, விசாரித்த எந்தச் சாவிலும் அந்த கேமின் பங்கு நிரூபணமாகவில்லை என்று. அதற்குள் எத்தனை வீட்டில் உண்மையான மன அழுத்தத்தைக் கவனிக்காமல் போனை மட்டும் உடைத்தார்களோ.


அல்சூர்க்காரன்:

டாக்டரம்மா, மரியாதையோடு கேட்கிறேன். சிகரெட்டுக்கும் இதையேதான் சொன்னார்கள். "பிடித்தவன் எல்லாரும் சாகவில்லையே" என்று. 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றானே ப்ரெய்விக், அவனே எழுதி வைத்திருக்கிறான், 'கால் ஆஃப் டியூட்டி' ஆடிக் குறி பார்க்கப் பழகினேன் என்று. கொலைகாரனே ஒப்புக்கொள்கிறான், நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

மர்ஃபி டவுன் அண்ணன் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அன்று அல்சூரில் இருந்தேன், எங்கள் பக்கம் நம்மவர்கள் அதிகம், அந்தப் பயம் எனக்குத் தெரியாது.


கேட்கிறேன் சொல்லுங்கள்:

நான் டாக்டர் இல்லை சார். சிகரெட் உதாரணம் நல்ல கேள்வி. சிகரெட் விற்பனை ஏறிய நாடுகளில் எல்லாம் சில பத்தாண்டு கழித்து நுரையீரல் புற்றுநோய் ஏறியது. கேம் விற்பனை ஏறிய 1990களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் இளவயதினர் வன்முறைக் குற்றம் இறங்கியது. கேம்தான் இறக்கியது என்று சொல்லவில்லை. ஏற்றியிருந்தால் எங்காவது தெரிந்திருக்க வேண்டுமே. ப்ரெய்விக் விஷயத்தைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


தூசித் தாள்:

ப்ரெய்விக் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால், அவன் துப்பாக்கிக் கிளப்பில் உறுப்பினராகி நிஜத் துப்பாக்கியில் பயிற்சி எடுத்ததையும், ஆயுதங்களைச் சட்டப்படியே வாங்கியதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை விட முக்கியம், ஆயிரத்தைந்நூறு பக்கத்துக்கு அவன் தொகுத்து வைத்த வெறுப்பு. ஐரோப்பாவை முஸ்லிம்கள் பிடிக்கப்போகிறார்கள், போர் வருகிறது, முதலில் நாம் அடிக்க வேண்டும். கேமில் இந்தக் கதை கிடையாது. அதை அவன் வேறிடத்தில் படித்தான்.

நான் இழையின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன், அதைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

அமெரிக்காவில் அழிவு வரும் என்று முன்கூட்டியே தயாராகிற 'சர்வைவலிஸ்ட்' என்கிற கூட்டம் அணுகுண்டு பயத்தில் முளைத்தது. அவர்கள் எல்லாரையும் ஒரே சாக்கில் கட்ட முடியாது. தக்காளியைப் பாட்டிலில் போட்டு வைக்கிற பாட்டியும் அதில் உண்டு. ஆனால் ஒரு கிளை இருக்கிறது, அரசாங்கம் ஒரு நாள் நம்மைப் பிடிக்க வரும் என்று நம்பும் கிளை. 1992 ஆகஸ்டில் ஐடஹோ மலையில் ரூபி ரிட்ஜ் என்ற இடத்தில், உலகம் அழியப்போகிறது என்று காட்டில் குடியேறிய ஒரு குடும்பத்தை மத்திய போலீஸ் பதினோரு நாள் முற்றுகை இட்டது. அந்த வீட்டுத் தாயும் 14 வயது மகனும் ஒரு போலீஸ் அதிகாரியும் செத்தார்கள். பயந்த மாதிரியே போலீஸ் வந்தது, சுட்டது. அடுத்த வருஷம் டெக்சாஸில் வேக்கோ என்ற இடத்தில் இன்னொரு முற்றுகை, அங்கேயும் சாவுகள். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு 1995 ஏப்ரல் 19இல் டிமோத்தி மெக்வே ஓக்லஹோமாவில் அரசுக் கட்டிடத்துக்கு வெளியே லாரியில் குண்டு வைத்தான். 168 பேர். அதில் 19 குழந்தைகள். அவன் ராணுவத்தில் இருந்தவன், துப்பாக்கிச் சந்தைகளில் சுற்றியவன், பதுக்கியவன். கேமைப் பற்றி யாருக்கும் பேச்சே எழவில்லை.

சாண்டி ஹூக்கில் இரவு ஷிப்ட் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். அந்தத் துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கியது அவன் அம்மா. மகனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப்போனதும் அவர்தான். பொருளாதாரம் கவிழும் என்று தயாராகிக்கொண்டிருந்தார் என உறவினர் ஒருவர் செய்தியாளர்களிடம் சொன்னார். நண்பர்கள் அதை மறுத்தார்கள், எனவே அதை அழுத்த மாட்டேன். அழுத்த வேண்டியது இது: அன்று காலை முதலில் சுடப்பட்டது அவர்தான், தன் படுக்கையில், தன் துப்பாக்கியால். லக்னோவிலும் அதுதான். மர்ஃபி டவுனில் கம்பி.

அதற்காகத் தயாராக இருப்பதே பைத்தியக்காரத்தனம் என்பதில்லை. 2018இல் ஸ்வீடன் அரசு 48 லட்சம் வீடுகளுக்கு ஒரு கையேடு அனுப்பியது, போர் வந்தால், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று. தண்ணீர், டின் உணவு, கம்பளி, பேட்டரி ரேடியோ. துப்பாக்கி வாங்கு என்று ஒரு வரி இல்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தவித்த என் சித்தி வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் மூன்று நாள் மாடியில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் அவர்களைக் காப்பாற்றியது எது? முன்பின் தெரியாத மீனவர்கள், படகோடு. உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் அவர்கள் கதவை இடிக்க வருகிறவர்கள்.

சகோதரி, அவர் வாங்கிய பொருட்களை எண்ணாதீர்கள். யாருக்காக வாங்குகிறார், யாரிடமிருந்து காக்க வாங்குகிறார் என்று எங்காவது எழுதி வைத்திருப்பார். இந்த ஆட்கள் பட்டியல் போடாமல் இருக்க மாட்டார்கள். அதைப் பாருங்கள்.


இரவு ஷிப்ட்:

ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர வேண்டும். கேமில் சுடுவது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வாய்ஸ் சாட் செய்தது. தெரியாத ஆட்களோடு ஸ்குவாட் (கேமில் ஒரு அணி) சேர்ந்தால், நாம் வாயைத் திறந்து உச்சரிப்பு தெரிந்த அடுத்த நொடி 'மதராசி' என்று ஆரம்பித்துக் குடும்பத்துப் பெண்கள் வரை போவார்கள். பதினாறு வயதில் நானும் பதிலுக்கு அதையே பேசினேன், ஹிந்தி வசைகள் அத்தனையும் எனக்கு அங்கே கற்றதுதான். அது பழகிப்போய் ஒரு நாள் என் அக்காவிடம் நேரில் அந்த வார்த்தை வந்துவிட்டது. அக்கா இரண்டு மாதம் பேசவில்லை. எந்த ஆராய்ச்சியிலாவது இதை அளந்திருக்கிறார்களா? மைக்கை மட்டும் மூட வையுங்கள் அக்கா, துப்பாக்கி இருந்துவிட்டுப் போகட்டும்.


மாடித்தோட்டம்:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

முதலில் பையன். முதல் நாள் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் பூண்டு உரிக்க உட்கார வைத்தேன். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும், அது என் அம்மா வித்தை. மூன்று வாரமாக அந்தப் பையன் இவனைக் 'கொங்கா' (தமிழர்களை இங்கே திட்டுகிற வார்த்தை) என்று கூப்பிட்டிருக்கிறான், உங்க ஊருக்குப் போ என்று. அதோடு ஸ்குவாடில் இருந்தும் நீக்கியிருக்கிறான். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆக அல்சூர் சார், கேமுக்கும் கால் பங்கு கொடுக்கலாம். சரி, அதற்காகக் கை நீட்டலாமா என்றேன். பூண்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "அப்பாதானே சொன்னார், அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம அடிச்சிடணும்னு."

இதைக் கேட்டபோது அவர் ஹாலில்தான் இருந்தார்.

அப்புறம் தூசித் தாள் சொன்ன பட்டியல். இருந்தது. ஒரு நீல அட்டை நோட்டு. அரிசி, பருப்பு, மாத்திரை, பேட்டரி, தேதி எல்லாம் அழகான கையெழுத்தில். கடைசியிலிருந்து இரண்டாவது பக்கத்தில் எங்கள் கிராஸில் உள்ள பதினெட்டு வீடுகள். மூன்று பத்தி. 'கூட நிற்பார்கள்', 'சொல்ல முடியாது', 'திறக்கக் கூடாது'. முதல் பத்தியில் இரண்டு வீடு. மூன்றாவதில் பதினொன்று. கோவிட் வந்து நாங்கள் மூன்று பேரும் படுத்தபோது பதினான்கு நாளும் படிக்கட்டில் முத்தேயும் (ராகிக் களி) சாறும் வைத்துவிட்டு, பெல்லை அடித்துவிட்டுப் போன கீழ்வீட்டு ஆன்ட்டி மூன்றாவது பத்தியில் இருக்கிறார்.

நான் சண்டை போடவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்து, பக்கத்தில் மர்ஃபி டவுன் ஐயா எழுதியதைப் போனில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இறங்கி வந்தபோது நோட்டு மூடியிருந்தது. இதுவரை ஒன்றும் பேசவில்லை. நேற்று பையனோடு அந்த அடிபட்ட பையன் வீட்டுக்கு அவரும் போய்விட்டு வந்தார். அதையும் எனக்குப் பையன்தான் சொன்னான்.

ஏர் கன் வந்துவிட்டது. பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கிறது. பிரிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, அவராகத்தான் வைத்திருக்கிறார். திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம். இன்று நான்காவது நாள்.

சும்மா வந்தவன் தம்பிக்கு: மூன்று மூட்டை பொன்னி, ஒன்று சோனா மசூரி. பொன்னியில் ஒன்றில் வண்டு வைத்துவிட்டது. வெயிலும் இல்லை, என்ன செய்வது?


மர்ஃபி டவுன்:

மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடுங்கள் அம்மா, நிழலில் பரப்பினாலே போதும், வண்டு தானாக வெளியே போகும். அப்புறம் வசம்பும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கட்டுங்கள். நூறு கிலோ மூன்று பேருக்கு ரொம்ப அதிகம். கீழ்வீட்டு அம்மாவுக்கு ஒரு பத்துக் கிலோ கொடுங்கள், வண்டு வைப்பதற்கு முன் தீரும்.


சும்மா வந்தவன்:

பொன்னியைக் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு சோனா மசூரிதான் பிடிக்கும்.